ரத்தம் ஊறுவதற்கு ஓர் அட்டவணை

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நோயாளி என் மனைவி. ஆனாலும் பேச்சு என்னிடம்தான்.

“கர்ப்பப்பைக் கட்டிய எடுத்துரலாம், அது பெரிய விஷயமில்ல. ஆனா இந்த ரத்தத்த வச்சுக்கிட்டு நான் கத்தியத் தொடமாட்டேன். ஒன்றரை மாசம் தாரேன். சாப்பாட்டுல ஏத்துங்க. இல்லேன்னா வெளிய ரத்தம் வாங்கி வைக்கணும்.”

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வெளியே வாங்கும் ரத்தத்தைப் பற்றிப் பேப்பரில் வந்துகொண்டிருந்ததைப் படித்தால் கொசு கடித்தாலே எய்ட்ஸ் வந்துவிட்டதோ என்று இருக்கும். டாக்டரம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையோ மனைவியின் வயிற்றில் தங்க மறுத்தது. ஆக, அவளைக் காப்பாற்றும் வேலை அடுப்பின் தலையில் விழுந்தது. அடுப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. தெரியாத எந்த விஷயத்துக்கும் எனக்கு இரண்டு புத்தகம் போதும். மூன்றாவது புத்தகத்தில் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

அப்போது ஒரு தீப்பெட்டி ஆபீஸில் எனக்கு வேலை. கோவில்பட்டியில் தொழிற்சாலையையே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே லேபிள் அச்சில் நிறம் தப்பி ஒதுக்கிய பெரிய தாள்கள் கிடக்கும். ஒன்றை எடுத்துவந்து, வெள்ளைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாளுக்கும் ஆளுக்கும் கட்டம் போட்டேன். திங்கள் கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை. செவ்வாய் குதிரைவாலிச் சோறு, தட்டப்பயற்றுக் குழம்பு. புதன் உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய். வியாழன் முதல் மறுபடி இதே வரிசை; ராத்திரிக்கு எந்நாளும் கம்பும் கீரையும். வெள்ளை அரிசிக்கும் சீனிக்கும் வீட்டில் இடமில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, கட்டுரைகளில் படித்த சூட்டில், “உப்பு பாதி” என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். ரத்தத்துக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

சாமான் சேர்ப்பதற்குள் செருப்பு தேய்ந்தது. கம்பு கிடைத்தது. உமி நீக்கிய குதிரைவாலிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கயத்தாறு வரை பஸ்ஸில் போய்வந்தேன். கம்பு வாங்கிய உள்ளூர்த் தானியக் கமிஷன் கடை அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, வீட்ல புறா வளக்கீங்களா?”

“வீட்ல திங்கத்தான்.”

“அதான் கேக்கேன். எத்தன புறா?”

அன்று முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸில் உட்கார்ந்தால் வீட்டில் கீரை வெந்ததா என்று இருக்கும். வீட்டில் உட்கார்ந்தால் ஒன்றரை மாதத்தில் எவ்வளவு போயிற்று என்று இருக்கும். காலையில் எழுந்ததும் மனைவியை ஜன்னல் பக்கம் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துச் சிவப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். வண்டி கிளப்புமுன் டயரைத் தட்டிப்பார்க்கும் லாரி டிரைவர் கணக்காக.

“நேத்துப் பாத்த கண்ணுதானே? ராத்திரியோட ராத்திரியா ஊறிருமாக்கும்? விடுங்க, அடுப்புல பால் இருக்கு” என்பாள்.

கம்பை ஈரம் தெளித்து உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். கல்லரிக்கக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். குழாயில் எப்போதாவது தண்ணீர் வரும் ஊர் அது. என் அட்டவணையில் புரதம் இருந்தது, இரும்பு இருந்தது, உரல் இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் நானும் மகள்கள் இருவரும் வரிசையாக உட்காருவோம். சோற்றில் ருசி என்று ஒன்றும் இருக்காது. சின்னவள் ஒரு வாய் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் கண்ணைக் காட்டுவேன். அம்மாவுக்கு ஊக்கமாக இருக்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது, தட்டில் பருக்கை மிஞ்சக் கூடாது என்று ஏற்கெனவே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன். முன்மாதிரியாக, நான் இன்னொரு கரண்டி கேட்பேன். பிள்ளைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார்கள். மனைவி பானையைச் சாய்த்து வழித்துப் போடுவாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். திட்டம் வேலைசெய்கிறது என்று நினைத்துக்கொண்டு கைகழுவுவேன்.

ஒரு மாதம் கழிந்து ரத்தம் பார்த்தோம். ஒப்பிட்டுப் பார்க்க இருக்கட்டும் என்று என் கையையும் நீட்டினேன். சாயங்காலம் லேபில் இருந்த ஆள் இரண்டு சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு ரத்தம் ஜம்முன்னு இருக்கு.”

“அவளுக்கு?”

“அவியளுக்குப் போன தடவைக்கு ஒரு நூல் கம்மிதான்.”

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். எனக்குத் தெரிந்தவரை என் அட்டவணையில் தப்பில்லை. அப்படியானால் தப்பு கம்பிலா, நிலத்திலா, புத்தகத்திலா? வீட்டுக்கு வந்து கீரையை இரட்டிப்பாக்கி எழுதினேன்.

அந்த வாரம் கோடை மழை பெய்தது. தீக்குச்சி காயவில்லை; மதியத்தோடு ஆபீஸை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி உரலடியில் நின்றபடி இடது கையில் டீ கிளாஸும் வலது கையில் ஒரு பன்னுமாக இருந்தாள். உரலில் ராத்திரிக்கான கம்பு.

“சாப்புட்டியா?”

“இந்தா, சாப்புடுதேன்லா.”

“இது பன்னு. குதிரைவாலி எங்க?”

“அது எங்கன மிஞ்சுது? காலைல நீங்களும் பிள்ளையளும் கேட்டுக் கேட்டு வாங்குனீங்க. டப்பாவுல வேற கட்டிக் குடுத்தேன்.”

“நேத்து?”

“நேத்தும் அப்பிடித்தான்.”

“முந்தாநாள் உளுந்தங்களி?”

“சின்னவ ரெண்டாவது உருண்டை கேட்டாள்லா? பிள்ள ஆசையாத் திங்குதேன்னு போட்டேன். எனக்கு என்ன, ஒரு டீயக் குடிச்சா ஓடிரும்.”

சுவரில் அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் எனக்கும் பிள்ளைகளுக்கும் சாப்பாடு காலை எட்டே காலுக்கு. அவள் கட்டத்தில் பண்டத்தின் பெயர்கள்தான் அதிகம். எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதவில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு அவள் சாப்பிடுவாள் என்பது எங்கள் வீட்டில் எழுதத் தேவையில்லாத விஷயம். அவளுக்கு ஊக்கம் கொடுக்கிறோம் என்று அவள் பங்கை நாங்கள் மூவரும் ஒரு மாதமாகத் தின்று தீர்த்திருக்கிறோம்.

அன்று ராத்திரி நான் சொன்னேன்: “முதல்ல நீ உக்காரு.”

“நல்லாருக்கே! நீங்க சாப்புடாம நான் எப்பிடி?”

“நீ சாப்புடாம நான் சாப்புடமாட்டேன்.”

பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் பானைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். சோறு ஆறியது. பெரியவள் வாசலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

“யம்மா, ரெண்டு பேரும் உண்ணாவிரதமா? பந்தல் போடணுமா?”

“ஏட்டி, போய்ப் படி!”

கடைசியில் அடுக்களைத் தரையிலேயே இருவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அவள் கம்பஞ்சோற்றில் கீரையைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

“என்ன இது, உப்புமில்ல உறைப்புமில்ல?”

“பாதி உப்பு.”

“இதையா ரெண்டாம் தடவ கேட்டு வாங்குனீங்க? நல்லாருக்குன்னுல்லா நெனச்சேன்!”

“உனக்கு ஊக்கமா இருக்கட்டும்னு...”

“எனக்கா?” சிரிக்க ஆரம்பித்தவளுக்குப் புரையேறி, நான் தலையைத் தட்ட வேண்டியதாயிற்று. ருசி பார்க்காமல்தான் அவள் எப்போதும் சமைப்பாள். கையளவு தப்பாது என்ற நம்பிக்கை. அந்தக் கையளவைத்தான் நான் பாதியாக்கியிருந்தேன். அவள் எழுந்து உப்பு ஜாடியை எடுத்துவந்து இருவர் தட்டிலும் போட்டாள். அப்படியே அட்டவணைக்குப் போய் “உப்பு பாதி”யை அடித்து, திங்கள் கட்டத்தில் கம்புக்குப் பக்கத்தில் “குத்துவது அப்பா” என்று எழுதினாள்.

மிச்சமிருந்த நாட்களில் விடிந்ததும் நான் உலக்கையோடு நின்றேன். எதிர்வீட்டு அண்ணாச்சி பல் தேய்த்தபடி, “ஓய், புறா எல்லாம் சௌக்கியமா?” என்பார். கமிஷன் கடைப் பேச்சு எங்கள் தெருவரை வந்திருந்தது. பதில் சொல்ல எனக்கு மூச்சு இருக்காது. ஆனால் மனைவி எங்களோடு உட்கார்ந்தாள். முதல் வாரம் பாதிப் பாதியில் எழுந்து ஓடினாள். அப்புறம் கொஞ்சம் நிலைத்தாள்.

கடைசிப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. ஆனால் டாக்டரம்மா முகம் முழுதாகத் தெளியவில்லை. “தொடலாம். ஆனா ஒரு பாட்டில் கைல இருக்கணும்” என்றார். என் ரத்தமும் அவள் ரத்தமும் ஒரே பிரிவு. எல்லாப் பரிசோதனையும் செய்து, என்னையே படுக்க வைத்தார்கள். ஜம்மென்று இருந்த ரத்தம் குழாய் வழியாகப் பாட்டிலுக்கு இறங்கியது. அதில் அவள் பங்குக் குதிரைவாலி எவ்வளவு, கீரை எவ்வளவு என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

ஆபரேஷன் முடியும்வரை வராந்தாவில் நடந்தேன். நர்ஸ் இரண்டு தடவை உட்காரச் சொன்னாள். பிறகு அந்தப் பாட்டில் மனைவியின் தலைமாட்டில் தொங்கியபோது சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கண் விழித்தவள் பாட்டிலையும் என்னையும் பார்த்தாள்.

“உங்களுதா?”

“ம். உன் பங்குதான், சுத்தி வந்துருக்கு.”

அவள் சிரிக்கக் கூடாது, தையல் வலிக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து முதல் கஞ்சி வந்தது. ஒரு கரண்டியில் அள்ளி நான் நீட்ட, அவள் வாயைத் திறக்காமல் நர்ஸைப் பார்த்தாள்.

“இதுல உப்பு போட்டது யாரும்மா, நீங்களா, இவியளா?”