கறையக்காவின் மைப்புட்டிகள்

டிரைகிளீனிங் கடை வைத்திருந்த அந்த அம்மாளைத் தெருவே கறையக்கா என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். கிரீஸ், பெயிண்ட், துரு எது வந்தாலும் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்சநேரம் முறைப்பாள். "விடுங்க, போயிடும்" என்பாள். போய்விடும்.

மைக்கறை என்றால் மட்டும் முறைப்பு கிடையாது, சிரிப்புதான்.

எல்லாம் ஒரு கோட்டில் தொடங்கியது. துவைக்க வந்த கோட்டின் உள்பையில் தடித்த மைப்பேனா ஒன்று இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது கோட்டுக்காரர் கையை உதறினார். "எழுத மாட்டேங்குது, ஒழுக மட்டும் ஒழுகுது. நீங்களே வெச்சுக்கங்க." அவள் அதை வெந்நீரில் ஊறவைத்து, கழற்றிக் கழுவி, மை நிரப்பி, பழைய ரசீதின் பின்பக்கம் ஒரு கோடு இழுத்தாள். நிப் தாளில் வழுக்கிக்கொண்டு போனது. ஈரமாய் இருக்கும்போது கறுப்பாய்த் தெரிந்த கோடு, காயக் காய நீலமாய் வெளுத்துக்கொண்டே வந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டாள்.

அதன்பின் பேனாக்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் நுழைந்தன. பின்னாலேயே மைப்புட்டிகள் வந்தன. கணவரின் சட்டைகள் கண்ணாடி அலமாரியைக் காலி செய்துவிட்டு நாற்காலி முதுகில் குடியேறின. இஸ்திரி போட்டு டெலிவரி வேனும் ஓட்டுகிற மனுஷர் அவர், அங்கிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டார். கடை கவுண்டரில் உட்காரும் நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"எழுதறதுக்கு ஒரு பேனா பத்தாதா அண்ணி? என்ன, காவியமா எழுதப் போறீங்க?"

"உனக்குக் காது ரெண்டுதானே? பெட்டி நிறையக் கம்மல் எதுக்கு வெச்சிருக்க?"

நாத்தனார் காதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வெள்ளைச் சட்டை ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் புது ஆள் ஒருவர் நடுரோட்டில் திடீரென்று பிரேக்கை மிதித்ததில், மூடி சரியாகத் திருகாத பேனா மாஸ்டரின் மார்பிலேயே வாந்தி எடுத்துவிட்டதாம்.

கறையக்கா சட்டையை விரித்தாள். அப்படியே நின்றுவிட்டாள். நடுவில் கருநீலம். அதைச் சுற்றி மயில்கழுத்துப் பச்சை. விளிம்பில், பார்த்தும் பாராததுமாக, ஒரு ரோஜா நிற வளையம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மையை அவள் கண்டதில்லை.

"மாஸ்டர், இது என்ன மை?"

"மைதான். ஏன், போகாதா?"

"போகும். போகணுமான்னுதான் யோசிக்கிறேன். இந்தச் சட்டையை எனக்கே குடுத்துடுங்களேன்."

மாஸ்டர் பதறினார். "அக்கா, இது பொறந்தநாளுக்கு வீட்டுக்காரி எடுத்துக் குடுத்தது. சட்டை இல்லாம நான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க முடியாது."

வேறு வழி இல்லை. ஆனால் கறையை எடுக்கும் முன் ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் ஒற்றி, நிறத்தைப் பிரதி எடுத்துக்கொண்டாள். கணவர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "கறையை எடுக்கச் சொன்னா நீ அதுக்குப் போட்டோ புடிக்கிறியே."

சட்டை பளிச்சென்று வீடு போய்ச் சேர்ந்தது. அவளுக்குத்தான் நிம்மதி போயிற்று. கடைக்கு விடுமுறை நாளெல்லாம் இஸ்திரி மேசையில் புட்டிகளைப் பரப்பி, சொட்டுச் சொட்டாகக் கலந்து பார்த்தாள். பச்சை வந்தால் நீலம் மங்கியது. நீலம் எழுந்தால் ரோஜா காணாமல் போனது. கடைசியில் மாஸ்டரையே வரவழைத்து விசாரித்தாள்.

"எந்த மை ஊத்துவீங்க?"

"கைக்கு எது கிடைக்குதோ அது. நீலம் தீர்ந்தா மகளோட பச்சை. ஆபீஸ்ல ஒரு ரோஸ் கலர் இருக்கு, அதுவும் எப்பவாவது."

"நடுவுல பேனாவைக் கழுவுவீங்களா?"

"பேனாவை எதுக்குக் கழுவணும்?"

அவளுக்கு மயக்கமே வந்தது. வருஷக்கணக்கில் கழுவாத பேனா. அதை எந்தக் கணக்கில் கலப்பது?

அடுத்த விடுமுறைக்கு மாஸ்டர் தன் மூன்று புட்டிகளையும் கொண்டுவந்தார். கலந்து கலந்து இருவருக்கும் விரல் பத்தும் வண்ணம் மாறியதுதான் மிச்சம். வேடிக்கை பார்க்க வந்த நாத்தனார், "குடுங்க இப்படி, நானும் பாக்கறேன்" என்று பச்சை மை ஒட்டியிருந்த பட்டை நிப் பேனாவைக் கழுவாமலே நீலத்தில் முக்கி, பிறகு ரோஸிலும் தோய்த்து, ஈரத்துணியில் ஒரு பொட்டு வைத்தாள்.

பொட்டு மெல்லப் பரவியது. கருநீலம், பச்சை, விளிம்பில் ரோஜா.

மாஸ்டர் எழுந்து சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "இதேதான் அக்கா. இதேதான்." கறையக்கா நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள், இருவர் முதுகிலும் ஐவிரல் பதிந்தது.

நாத்தனாரோ பேனாவைக் கீழே வைக்கவில்லை. தாளில் தன் கையெழுத்தை ஒரு பக்கம் நிறையப் போட்டுப் பார்த்தாள். மெல்லிய கோடும் தடித்த கோடுமாக எழுத்து அசைந்து அசைந்து போவதைக் கண்டு அவளுக்கே வெட்கமாய் இருந்தது. "அண்ணி, இந்த ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கட்டுமே" என்றாள்.

"ஒண்ணு மட்டுமா?" என்று கறையக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாத்தனார் தோய்த்த அதே வரிசையில், பச்சை ஒரு துளி, நீலம் நிறைய, ரோஸ் கொஞ்சம் என்று கலந்து ஒரு புட்டி நிறைய அந்த நிறத்தைச் செய்தார்கள். 'திடீர் பிரேக்' என்று பெயர் வைத்தவர் மாஸ்டர். விடுமுறை நாளில் இப்போது அவர் மனைவியும் வருகிறாள். பழுப்பு மைகள்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. போன வாரம் கறையக்காவின் கணவர் வேன் சாவியைத் தேடிக்கொண்டே வந்து, மேசையில் கிடந்த பேனா ஒன்றை எடுத்துத் தாளில் ஒரு வட்டம் போட்டார். இன்னொன்று போட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாவியை யாரும் தேடவில்லை.