எண்ணெய் தடவிய அச்சு

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் நகரில் இருந்தோம். நான் மில்பிடாஸில் ஒரு கம்பெனியில் மெக்கானிக்கல் எஞ்சினியர். எங்கள் பன்னிரண்டு வயது மகளின் வகுப்பில், குளிர்கால விடுமுறைக்குப் பனிமலைக்குப் போகலாம், பெற்றோரும் கூட வரலாம் என்றார்கள். சறுக்குவதற்குக் காலில் மாட்டும் நீளப் பலகைகள், ஸ்கீ, அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். எல்லோரும் வாடகைக்குத்தான் எடுத்தார்கள். நான் மட்டும், என் பெண்ணுக்கு நானே ஸ்கீ செய்கிறேன் என்று கிளம்பினேன்.

உண்மையில் அது அவளுக்காக இல்லை. ஆபீஸில் அமெரிக்கர்கள் திங்கட்கிழமையானால் பனிச்சறுக்குக் கதை பேசுவார்கள். நான் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "அந்த ஸ்கீயை நான்தான் செய்தேன்" என்று ஒரு தடவை அவர்கள் முன்னால் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

"ஏனுங்க, நமக்கெதுக்குங்க இந்த வேலை?" என்றாள் மனைவி. கோயம்புத்தூர்க்காரி.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்றேன்.

"ஆமாங்க, கார் நிறுத்தற எடம் பூரா உங்க புல்லுதான் கெடக்குது."

கராஜில் ஸ்கீக்கான மர அச்சு வளர்ந்தது. ஸ்கீயின் முனை மேலே வளைய வேண்டும், நடுப்பகுதி லேசாக எழும்பி நிற்க வேண்டும். அந்த வளைவைப் பலகைகளில் வரைந்து, அறுத்து, தேய்த்து, நெருக்கி நிறுத்தித் திருகாணியால் முடுக்கினேன். அதே வளைவில் மேல்மூடி ஒன்று. இரண்டுக்கும் நடுவே கண்ணாடி இழைத் துணியையும் மெல்லிய மரப்பட்டைகளையும் பசையில் ஊறவைத்து அடுக்கி அழுத்த வேண்டும். பசை இறுகினால் ஸ்கீ. அழுத்துவதற்கு, மவுரி அவென்யூ இந்தியக் கடையிலிருந்து வந்த அரிசி மூட்டைகளை மேலே ஏற்றினேன்.

பசை அச்சில் ஒட்டாமலிருக்க மெழுகு தேய்க்கும்படி நூலகப் புத்தகம் சொன்னது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவத் தெரிந்தவனுக்குப் புத்தகம் எதற்கு? நல்லெண்ணெயை எடுத்துத் தாராளமாகத் தடவினேன். மறுநாள் மூடியைத் திறந்தால், ஸ்கீ வெந்த இட்லிபோல் அலுங்காமல் கையோடு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணெய் ஓரமாகத் துணிக்குள் ஏறிப் பசையைப் பிடிக்கவிடாமல் செய்திருந்தது. அது வெளியே தெரியவில்லை. இரண்டாவது ஸ்கீக்கும் அப்படியே தடவினேன்.

மலைக்குப் போகும்போது காரில் மகளிடம் கேட்டேன்: "இத யாரு செஞ்சாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"மை டேட் மேட் இட். ஓகே, அப்பா?" என்றாள். வழியெல்லாம் அதை அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குழந்தைகள் பழகும் சின்னச் சரிவு அது. முதல் தடவை நன்றாகவே இறங்கினாள். நான் பெற்றோர் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவை பாதி வழியில் ஒரு ஸ்கீயின் முனை வாழைமட்டைபோல் ஏடு ஏடாகப் பிரிந்தது. மகள் குப்புற விழுந்தாள். ஓடினேன். அடி ஒன்றும் இல்லை. அவள் சிநேகிதிகள் சுற்றி நின்றார்கள்.

அவர்களில் ஒருத்தியின் அப்பா வந்து ஸ்கீயைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எங்கே வாங்கினீர்கள் என்று என்னைக் கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். பிரிந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகளைப் பார்க்க முடியவில்லை.

"கராஜ் சேல்" என்றாள் மகள், சட்டென்று. யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய சாமானாம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அல்லது வருத்தமாவது வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த மனிதர் நல்லவர். என் தோளைத் தட்டினார். குழந்தை காலில் மாட்டும் பொருளை இப்படிச் செய்து விற்றிருக்கிறானே, அவன் வெட்கப்பட வேண்டும் என்றார்.

"ஆமாம்" என்றேன்.

மகள் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிநேகிதிகள் எதிரில் அவள் என் கையைப் பிடிப்பதை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.