மூன்றாவது குழாய்

சதுப்பின் கறுப்பு மண்ணை யார் வீட்டுக்குச் சுமந்து வந்தாலும் அது நாற்றங்காலுக்குத்தான். எங்கள் மலையூரில் யாரும் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை. மழை, உறைபனி, பூண்டு நட்ட நாள் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைக்கும் எனக்கு அன்று இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அண்ணனுக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. முன்னோர் சோலைக்காட்டை வெட்டித்தான் நிலம் கண்டார்கள் என்பார் அவர். ஆதியிலிருந்தே புல்வெளிதான் என்பேன் நான். எழுத்தில் சான்று கிடையாது, சதுப்பில் இருந்தது. காற்றில் வந்து விழுந்த மகரந்தம் சேற்றுக்குள் அழுகாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். நுண்ணோக்கியில் புல்லின் மகரந்தம் வேறு, சோலை மரத்தினுடையது வேறு. ஆழம் போகப் போகக் காலமும் பின்னே போகும்.

சதுப்பை இயந்திரம் வைத்துத் தோண்டிக் குட்டையாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மதுரையிலிருந்து மகரந்த ஆய்வு செய்யும் பெண்மணி ஒருவரை வரவழைத்தேன். துளைக்கோலை மிதித்து மிதித்து இறக்கி எடுத்த மண்ணை, பிளந்த மூன்று பிளாஸ்டிக் குழாய்களில் கிடத்தினோம். மூன்றாவதுதான் அடிமண். மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பூண்டு அறையில் வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் எடுத்த தேதியும் மணியும் எழுதினேன். எதற்கு என்று எழுதவில்லை.

காலையில் மூன்றாவது குழாய் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"மதினி, இதுல இருந்த மண்ணு எங்க?"

"நாத்தங்கால்ல போட்டேன் கொழுந்தனாரே. வெள்ளனே எந்திரிச்சு சாணியோட கலந்துட்டேன். இருக்குறதுலயே அதுதான் நல்ல கறுப்பு. இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் வீட்டுக்கு ஒரு சோலி பாத்தீங்கன்னு நெனச்சேன்."

"தொடுறதுக்கு முன்னாடி கேக்கக் கூடாதா?"

"மண்ணக் கேட்டா எடுப்பாங்க? மத்த ரெண்டும் அப்படியே கெடக்கு பாருங்க. அதையும் போட்ரவா?"

அண்ணன் வாசலில் நின்று சிரித்தார். "ஏலே, சோலைன்னு வந்துருமோன்னு பயந்து நீயே போடச் சொன்னியா?"

சதுப்புக்கு ஓடினேன். இயந்திரம் பாதி வேலையை, ஆழமான பக்கம் முழுவதையும், முடித்திருந்தது. அடியும் மேலும் ஒன்றாகக் கரையில் குவிந்து கிடந்தன.

ஆய்வாளர் வந்து நாற்றங்காலைப் பார்த்தார். ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். கலந்துபோன மண்ணில் எது எந்தக் காலத்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். இரண்டு குழாய்களை மட்டும் கட்டிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். இரண்டாவது குழாயின் அடிவரை புல்தான் மிகுதியாம். "பாத்தீங்களா!" என்று அண்ணனிடம் போய் நின்றேன்.

"அதுக்குக் கீழ?" என்றார்.

அதற்குக் கீழே இருந்த மண்ணில் முளைத்த முட்டைக்கோஸை அன்று மதியம் மதினி கூட்டு வைத்திருந்தார். அண்ணன் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.