ஒரு சாவுக்கு இரண்டு செய்தி

அறுபதுகளின் நடுவில் கடலூரில் ஒரு நாளிதழின் கிளை அலுவலகத்தில் எனக்கு விநோதமான ஒரு வேலை இருந்தது. செய்தி எழுதுவதல்ல. வெளிவந்த செய்தியைப் பொய் என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால், நேரில் போய் விசாரித்து ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். ‘மறுப்பு பார்க்கிறவர்’ என்பார்கள். செய்தியை எழுதிய நிருபருக்கு என்னைப் பிடிக்காது. செய்தியில் அடிபட்டவர்களுக்கும் பிடிக்காது, நானும் அதே பேப்பர்க்காரன்தானே. சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். காலை பாசஞ்சரில் கடலூர் போய் இருட்டும்போது திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமைகளில், மெஸ்ஸில் ‘சாம்பார் போதும்’ என்பதே நாள் முழுவதும் நான் பேசிய ஒரே வாக்கியமாக இருக்கும்.

ஒரு நாள் மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து பஞ்சாயத்தார் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் இரண்டு பேப்பர்கள். இரண்டையும் என் மேஜையில் விரித்துப் போட்டார்.

“ரெண்டு பேப்பர்ல ரெண்டு சாவு போட்டிருக்கீங்க. செத்தது ஒரே கிழவி சார்.”

எங்கள் பேப்பரில், தண்ணீர் கேட்டுத் தவித்த மாமியாருக்கு ஒரு வாய் தண்ணீர் தராமல் மருமகள் பட்டினி போட்டுச் சாகடித்தாள் என்று இருந்தது. இன்னொரு பேப்பரில், சாகக் கிடந்த கிழவியை ஆஸ்பத்திரிக்காரர்கள் இரக்கமில்லாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று இருந்தது.

“எது நெசம்?” என்று கேட்டேன்.

“அது தெரிஞ்சா நான் ஏன் சார் உங்ககிட்ட வர்றேன்? அந்தப் பொண்ணுகூட எவளும் பேசமாட்டேங்கிறா. அவ எறங்கிக் குளிச்ச எடத்துல எவளும் எறங்கமாட்டேங்கிறா. நாளைக்கு கெணத்துல கிணத்துல விழுந்துட்டா நீங்களா பதில் சொல்வீங்க?”

மறுநாள் குப்பத்துக்குப் போனேன். துறைமுகத்துக்குத் தெற்கே, உப்பங்கழியைத் தோணியில் தாண்டிப் போக வேண்டும். நான் வீட்டைக் கேட்டதும், கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்கள். யாரும் கூட வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வாசலில் நின்றபடியே பேசினாள். உட்காரச் சொல்லவில்லை.

“பேப்பர்லேர்ந்து வர்றீங்களா? இன்னும் என்னா எழுதணும்?”

“எழுத வரலம்மா. என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

“அத அன்னிக்கே கேட்டிருக்கலாமே.”

செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். பிறகு அவளாகவே சொன்னாள். அத்தைக்குத் தொண்டையில் புற்று. கஞ்சி இறங்கவில்லை, பிறகு தண்ணீரும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். திரும்ப அழைத்து வந்த அன்று நர்சம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டு, ‘வாயில எதையும் ஊத்தாதே, ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயி மூச்சு முட்டும். துணிய நனைச்சு ஒதட்டுல மட்டும் வையி’ என்று சொல்லியிருக்கிறாள்.

“நான் அப்படித்தான் வச்சேன். ராவும் பகலும் வச்சேன். அத்த சொம்பையே பாத்துக்கினு இருக்கும் சார். கைய காட்டும். நான் வேற பக்கம் திரும்பிக்கினு அழுவேன். அந்த நேரத்துல நாத்தனா வந்துச்சு. தண்ணி குடுடின்னுச்சு. நான் குடுக்கக்கூடாதுன்னேன். அவ்ளோதான்.”

“ஏன் குடுக்கக்கூடாதுன்னு சொல்லலியா?”

“அத்த படுத்துக் கேட்டுக்கினு இருக்கு. அது எதிர்ல, இவுங்க சாவப்போறாங்க, அதான் குடுக்கலன்னு எப்படிச் சொல்றது?”

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் முதலில் எரிந்து விழுந்தார். இரக்கமில்லாதவர் என்று அச்சில் படித்த கோபம் அவருக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை. யாரையும் தாங்கள் வெளியே அனுப்பவில்லை, மகன்தான் கேட்டு அழைத்துப் போனான், அதைப் பார்த்த யாரோ மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வார்டில் இருந்த நர்சு, துணியை நனைத்து வைக்கச் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். “அந்தப் பொண்ணு மூணு தடவ திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு சார், நெசமா ஒரு சொட்டுகூட வேணாமான்னு” என்றாள்.

செய்தி பொய் என்று எழுத இவ்வளவு போதும். ஆனால் செய்தியைச் சொன்ன ஆளையும் பார்க்காமல் நான் எழுதுவதில்லை. நாத்தனாரைக் கம்மாபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டப் போகிறவர். குறிஞ்சிப்பாடி வழியாக பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். அவள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கடற்கரையில் பிறந்தவளுக்கு அந்தச் செம்மண் காடு எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது.

பொய் சொல்கிற முகம் அல்ல அது. தாய் கையைக் காட்டியதை, சொம்பைப் பார்த்ததைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். கருமாதி முடிந்து திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அழுதிருக்கிறாள். பக்கத்தில் இருந்த ஒருவர் பரிவாகக் கேட்டிருக்கிறார், சொல்லியிருக்கிறாள். அவர் எங்கள் நிருபர் என்பது அவளுக்கு அன்று தெரியாது.

அம்மாவுக்குப் புற்று என்பதையும் நர்சு சொன்னதையும் சொன்னேன். கோடாலியைக் கீழே வைத்தாள்.

“புத்தா?”

“ஒங்களுக்குத் தெரியாதா?”

“தொண்டப்புண்ணுன்னுதான் அண்ணன் சொல்லிச்சு. ஆறிடும்னுச்சு. நான் திருநாளுக்கு அம்மாவ இங்க இட்டாந்து வச்சுக்கலாம்னு இருந்தேன்.” பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பெத்த பொண்ணு எனக்குத் தெரியல.”

திரும்பும் வழியெல்லாம் அந்தக் குரல் கூடவே வந்தது. அவள்மீது கோபப்படலாம் என்று எண்ணிக்கொண்டு போனவன் நான்.

மகனைக் கடற்கரையில் பார்த்தேன். கட்டுமரத்தைப் பிரித்துச் சாய்த்துக் காய வைத்துவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தான். நானும் மணலில் உட்கார்ந்தேன். மணலைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

“டாக்டரு எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு, இனிமே ஒண்ணும் இல்லேன்னு. நான்தான் இட்டுக்கினு போறேன்னேன். அங்கியே செத்துட்டா பொணத்த எந்த பஸ்ஸுல ஏத்துவான்? உசுரோட இருக்கும்போதே இட்டாந்துட்டேன். தங்கச்சிகிட்ட சொன்னா அங்கியே ஒப்பாரி வைக்கும். அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். சொல்லல.”

“உங்க பொஞ்சாதிய எல்லாரும் பேசும்போதாவது சொல்லியிருக்கலாமே.”

“வாய் வரல சார்.”

அவனைக் குற்றம் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் நடுவில் பொய் சொன்னவர் என்று ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு இடத்தில் பேசாமல் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, “பாவம்யா” என்றார். கேட்டுக்கொண்டிருந்த நிருபர் எழுந்து வெளியே போனார். அதன் பிறகு அவர் என்னோடு டீ குடிக்க வந்ததில்லை. அந்த வாரம் உள்பக்கத்தில், பாத்திரக்கடை விளம்பரத்துக்குக் கீழே, சில வரிகளில் திருத்தம் வந்தது. நோயாளிக்கு வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்பது ஆஸ்பத்திரியின் யோசனை என்றும், முந்தைய செய்திக்கு வருந்துவதாகவும்.

அதைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினேன்.

“இம்மாந்தானா?”

“ஆமாம்மா.”

“அன்னிக்கு வந்தது பெருசா இருந்துச்சே. டீக்கடையில தொங்கவிட்டிருந்தாங்களாம்.” சற்று யோசித்துவிட்டு, “இத அங்க வந்து படிக்கிறீங்களா? பொம்பளைங்கல்லாம் தண்ணிக்கு நிக்கிறாங்க” என்றாள்.

நான் நாலு பேர் எதிரில் பேசிப் பழகாதவன். கிணற்றடிக்குப் போய் அந்தச் சில வரிகளை உரக்கப் படித்தேன். காற்றில் பேப்பர் மடங்கி மடங்கி விழுந்தது. இறைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவில்லை. வயதான ஒருத்தி மட்டும் கேட்டாள்:

“அப்போ மொதல்ல போட்டது பொய்யா?”

“பொய்தாம்மா. தப்பாப் போட்டுட்டோம்.”

“போடறதுக்கு முந்தி வரமாட்டீங்களா?” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னை அழைத்து வந்தவள் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் கிட்டே போகவில்லை. தோணித்துறைக்கு நான் தனியாக நடந்து வந்தேன்.

சில மாதங்கள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. கிள்ளைப் பக்கம் அவள் தாய்வீட்டு ஊருக்கே இருவரும் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஒரு காலை, பாசஞ்சரில் போய்க்கொண்டிருந்தேன். கிள்ளையில் மீன்கூடைகளோடு பெண்கள் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி என்னையே பார்த்தாள்.

“பேப்பர் சாருதானே?”

அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. கூடையை இரண்டு சீட்டுக்கும் நடுவில் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். வீட்டுக்காரர் இங்கேயே தொழிலுக்குப் போகிறார் என்றாள். நாத்தனாரைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கினேன். கேட்டேன்.

“வந்துச்சு சார், புள்ள பொறந்ததுக்கு. வாசல்ல நின்னுச்சு. நானும் ஒண்ணும் சொல்லல, அதுவும் ஒண்ணும் சொல்லல. தண்ணி மொண்டு குடுத்தேன். அத வாங்கிக் கையில வச்சுக்கினு ரொம்ப நேரம் அழுதுச்சு. அப்புறம் குடிச்சுச்சு. ரெண்டு நாளு இருந்துட்டுத்தான் போச்சு.”

ஆலப்பாக்கத்தில் அவள் இறங்க வேண்டும். நான் கூடையைத் தூக்கிக் கொடுத்தேன், கனமாக இருந்தது. கூட வந்த பெண்கள் பிளாட்பாரத்திலிருந்து அவளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். “வர்றேன், வர்றேன்” என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் போனாள். அந்தப் பெட்டியில் கடலூர் வரை நான் மட்டுந்தான் இருந்தேன்.