எங்கள் அண்ணனும் அவருடைய ஓராள் காரும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய நற்குணங்களைப் பற்றி எழுதும் பொறுப்பை, ஒரே தங்கை என்பதால், அண்ணி என்னிடம் கொடுத்தார்கள். நற்குணங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவற்றை மட்டும் எழுதினால், இது வேறு யாரோ என்று நினைத்து உறவினர்கள் மலரை மூடி வைத்துவிடுவார்கள். அந்தக் காரைப் பற்றியும் எழுதித்தான் ஆகவேண்டும். அது எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்கியது.

அண்ணன் பிறந்தது செகந்திராபாத் திருமுல்கேரியில். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு ராணுவப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அப்பா காலமானார். இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்ற ஆசையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, அப்போதுதான் தொடங்கியிருந்த மத்திய அரசுத் தொழிற்சாலையில் அண்ணன் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பகலில் வேலை, மாலையில் டிப்ளமோ வகுப்பு. அம்மாவின் வைத்தியமும் என் படிப்பும் அவர் தலையில்தான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. சினிமா கிடையாது, சிகரெட் கிடையாது. தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கமான பிள்ளைக்கு இப்படி ஒரு கோளாறு வரும் என்று யார் கண்டார்கள்?

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பந்தயக் கார் ஒன்று, திருமுல்கேரி பங்களா ஒன்றின் குதிரை லாயத்தில் கோழிகளோடு கிடந்தது. சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு. நான்கு சக்கரங்களும் மட்கார்டு இல்லாமல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கூரை, கதவு, விளக்கு, ஹாரன் எதுவும் கிடையாது. இடத்தை அடைக்கிறதே என்று பங்களாக்காரர் அதைத் தள்ளிவிடப் பார்த்தார். அண்ணன் கோழிகளை விரட்டிவிட்டுக் காரைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அப்போது அண்ணி கல்யாணமாகி வந்த புதிது. "கார் வாங்கியாந்திருக்காருன்னு பூ வெச்சிக்கினு ஓடியாந்தேன். பாத்தா, எனக்கு ஒக்கார எடமே இல்ல" என்று அண்ணி இன்றைக்கும் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற வீட்டு ஆண்கள் கறிக் கடைக்குப் போனால், அண்ணன் நாச்சாரம் பட்டறைகளுக்குப் போவார். கிடைக்காத உதிரிப் பாகங்களை அங்கே லேத்தில் கடைந்து வாங்குவார். அந்த இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டுமாம். பேகம் பஜாரில் டின் டின்னாக வாங்கி வருவார். வீட்டில் எல்லோருக்கும் வயிறு சரியாக இருக்கிறதா என்று கடைக்காரர் கவலையோடு விசாரிப்பாராம். இன்ஜினைப் போட்டால் அந்த எண்ணெய் எரியும் வாடை கொடியில் காயும் புடவையெல்லாம் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை காரை லாரியில் ஏற்றிக்கொண்டு, சென்னைக்கு அருகே பழைய விமான ஓடுபாதையில் நடக்கும் பந்தயத்துக்குப் போவார். அரைமணி நேரம் ஓட்டுவதற்கு அவ்வளவு தூரம். போவது மட்டும்தான், பரிசு ஒன்றும் வந்ததில்லை.

என் கல்யாணத்தைச் சொல்லாமல் விட்டால் என் கணவர் கோபித்துக்கொள்வார். பெண்ணின் அண்ணனிடம் திறந்த கார் இருக்கிறதாமே, மாப்பிள்ளை அழைப்புக்கு அதையே கொண்டுவரலாமே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அது எப்படிப்பட்ட கார் என்று சொல்லியிருக்க வேண்டாமா? அண்ணன் மறுவார்த்தை பேசாமல், சரி என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் "ஹவ்" என்றார். கோட்டும் சூட்டும் போட்டு வந்த மாப்பிள்ளையை நான்கு பேர் பிடித்து அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். வெளியே தெரிந்தது தலையும் மாலையும்தான். இருப்பது ஒரே இருக்கை என்பதால் மாப்பிள்ளையே ஓட்ட, அண்ணனும் மாப்பிள்ளைத் தோழனும் கூடவே நடந்தார்கள். நாதஸ்வரத்தின் வேகத்துக்கு ஓட அந்த இன்ஜினுக்குத் தெரியாது. தெருமுனையிலேயே கொதித்து நின்றுவிட்டது. அண்ணனின் நண்பர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். "எம் புள்ள இன்னா உற்சவ மூர்த்தியா, கயிறு கட்டி இழுக்கறீங்க?" என்று என் மாமியார் கேட்டார்கள். சூட்டில் ஏறிய எண்ணெய்க் கறை போகவே இல்லை. அண்ணனோ, முன் சக்கரம் நேராக உருண்டதா என்பதிலேயே கண்ணாக இருந்தார்.

சில ஆண்டுகள் கழித்து அந்த ஓடுபாதையிலிருந்து தந்தி வந்தது. இன்னொரு காரின் சக்கரம் இவர் சக்கரத்தில் உரசி, கார் புரண்டுவிட்டது. அண்ணியும் நானும் ரயிலேறிப் போனோம். ஆஸ்பத்திரியில் தோளில் கட்டோடு படுத்திருந்த அண்ணனைப் பார்த்ததும் எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

"அதுல அப்பிடி இன்னாதான் இருக்கு, சொல்லுண்ணா" என்றேன்.

"நீ அதுல ஒக்காந்ததில்லையே. மத்த கார்ல சக்கரம் எங்க இருக்குன்னே தெரியாது. இதுல கண்ணெதிருல தெரியுது. நான் கைய அசைச்சா அது அசையறத நான் பாக்கறேன். ஆபீசராயி ஒரு ஃபைல்ல கையெழுத்துப் போட்டா அது எங்க போய் நிக்குதுன்னு வருசக் கணக்கா தெரியாது."

"சக்கரம் தெரியணும்னா சைக்கிள் போதாதா? அதுலயும்தான் தெரியுது."

அந்தக் கேள்விக்காக என்மேல் ஒரு மாதம் கோபமாக இருந்தார்.

அண்ணி வாதாடவில்லை. தோள் குணமானதும் நேரே திருப்பதிக்கு அழைத்துப்போனார்கள். "நான் சொல்ற வரைக்கும் அந்தக் கார்ல ஒக்காரக்கூடாது" என்று மலைமேல் சத்தியம் வாங்கினார்கள். அண்ணன் வாக்குத் தவறாதவர். காரைத் தார்ப்பாய் போட்டு மூடினார். எங்களுக்கும் நிம்மதி என்றுதான் நினைத்தோம்.

நிம்மதியாவது ஒன்றாவது. காரில் செலுத்திய கவனம் முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். சோறு வடிக்கக் கடிகாரம் பார்த்தார். காலனிக் குழாயடியில் நின்று பெண்களுக்கு வரிசை ஒழுங்கு கற்றுக்கொடுத்தார். வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். யார் உள்ளே வருகிறார்கள், யார் போகிறார்கள் என்றே தெரியாமல் போயிற்று. அப்பாவின் திவசத்தில் சாஸ்திரிகளையே திருத்தினார். பொறுக்க முடியாமல் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அண்ணியிடம் முறையிட்டோம்: "அண்ணி, அவர விட்டுடுங்க. ஓட்டிட்டுப் போவட்டும்."

"நக்கோ, அதெல்லாம் வேணாம்" என்றார்கள் அண்ணி. "உங்களுக்குத் தொந்தரவு. எனக்கு அவரு வேணும். வீட்டுல இருந்துக்கினே எவ்ளோ தொந்தரவு குடுத்தாலும் குடுக்கட்டும்."

அந்தத் தார்ப்பாயை அதன்பின் அண்ணன் காரைத் துடைப்பதற்கு மட்டுமே விலக்கினார். ஞாயிறுதோறும் துடைப்பார், மூடிவிடுவார். ஒருமுறைகூட, ஒரேயொரு தடவை என்று அண்ணியிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் இருந்ததுதான் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது.

பணி ஓய்வுக்கு முன்பே இதயம் பலவீனமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். மாடிப்படி கூடாது, உப்பு கூடாது, உணர்ச்சிவசப்படக் கூடாது என்று டாக்டர் அடுக்கினார். கடைசியில் அண்ணன் டப்பாக்களை அடுக்குவதையும் நிறுத்திவிட்டார். அதைப் பார்க்கத்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அண்ணி டாக்டரிடம், "சும்மா கார்ல ஒக்காரலாங்களா?" என்று கேட்டார்கள். உட்காரலாம் என்றார் அவர். எந்தக் கார் என்று அவரும் கேட்கவில்லை, எங்கே என்று நாங்களும் சொல்லவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். மறுநாள் காலை அண்ணி தார்ப்பாயைத் தானே இழுத்துப் போட்டார்கள். "வாங்க. நான்தான் சொல்றேன்" என்றார்கள். பக்கத்து வீட்டு ரெட்டியும் அவர் தம்பியும் அண்ணனைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தார்கள். எங்கள் தெரு தொழிற்சாலை கேட் வரை சரிவு. சரிவின் தலைக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போக ஆள் போதவில்லை. காலை ஷிஃப்ட் பஸ் வந்தது. யாருக்காகவும் நிற்காத அந்த பஸ் நின்றது. டிஃபன் கேரியர்களை சீட்டில் வைத்துவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். பஸ் டிரைவர் வழியில் வந்த சைக்கிள்களை ஓரம்கட்டினார். அவர்கள் அத்தனை பேருக்கும், ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் பார்த்துக்கொண்டவர்களுக்கும், டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டாக்டர் இதைப் படித்துக் கோபித்துக்கொண்டால் அதற்கும் நாங்கள் தயார்.

இன்ஜின் போடவில்லை. சரிவே இழுத்துக்கொண்டது. அண்ணன் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்து முன் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி காரின் விளிம்பைப் பிடித்தபடி கூடவே ஓடினார்கள். கார் வேகமெடுத்தது. அண்ணியால் ஓட முடியவில்லை. அது அண்ணனுக்குத் தெரிந்தது.

"பிரேக் போடட்டா?" என்று கேட்டார்.

"வேணாம், போங்க" என்று அண்ணி கையை எடுத்துவிட்டார்கள்.

கேட் அருகே மேடு வந்ததும் கார் தானாக நின்றது. நாங்கள் போய்ச் சேரும்போது அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

எல்லோருக்கும் நன்றி சொன்ன நாங்கள், அன்றைக்குக் கையை எடுத்தவருக்கு இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நேரில் சொன்னால் திட்டுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணி, நன்றி.