புலிக்குப் பயந்தவனின் வாரிசுகள்

மனிதன் முழுசாகச் சந்தோஷப்பட முடியாதபடிதான் இயற்கை அவனைச் செய்து வைத்திருக்கிறது என்று என் மனைவி ஒரு மத்தியானம் சொன்னபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காலையிலிருந்து தோசைக்கல் முன்னால் நின்று வெந்துபோய், அப்போதுதான் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்திருந்தேன். ரசம் வேறு அன்று நன்றாக அமைந்திருந்தது. அந்த நேரத்தில் சொல்கிற பேச்சா இது?

கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் டிபன் கடை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ப்ளஸ் டூ முடித்த கையோடு அவளை எனக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தபால் வழியில் உளவியல் படிக்கச் சேர்ந்தாள். “இட்லிக் கடைக்காரிக்கு எதுக்குட்டி டிகிரி?” என்று அவள் அண்ணன்மார் போனில் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பட்டம் வெறும் பட்டமாக இல்லை. காலையில் மாவாட்டி, சட்னி அரைத்து, மத்தியானம் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். படித்ததை என்னிடம் ஒப்பிப்பாள்.

“அந்தக் காலத்துல வயிறு நிறைஞ்சதும் திருப்தியாப் படுத்துக் கிடந்தவன புலி தூக்கிட்டுப் போயிருக்கும். அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு அரண்டுக்கிட்டே இருந்தவன்தான் பொழைச்சான். நாமெல்லாம் அவன் வாரிசு. அதான் எந்தச் சந்தோஷமும் நமக்கு நாலு நாள் தங்க மாட்டேங்கு.”

“சுந்தரவனம் பக்கத்துல இருக்குன்னு பயங்காட்டுதியாட்டி?” என்று கேட்டுவிட்டு ரசத்தைக் குடித்தேன்.

கடைசி வருஷப் பரீட்சை எழுதி, முடிவு வரும் நாளும் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு காரியம் கைக்கு வரும்வரை வாயைத் திறக்க மாட்டோம், கண் பட்டுவிடும். வங்காளிகள் அப்படியில்லை, எதற்கெடுத்தாலும் இனிப்புதான். இத்தனை வருஷம் இவர்களோடு பழகி நானும் பாதி வங்காளியாகியிருந்தேன். அன்று காலையிலேயே அண்டா நிறையக் கேசரி கிளறி, ஒவ்வொரு தோசைத் தட்டிலும் ஒரு கரண்டி சும்மா வைத்தேன். “பௌதி பாஸா?” என்று சாப்பிட வந்தவர்கள் கேட்டார்கள். அண்ணியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். “பாஸேதான்!” என்றேன், நானே விடைத்தாளைத் திருத்தியவன் மாதிரி.

மத்தியானம் இருவருமாக ஜாதவ்பூருக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் கடையில் முடிவைப் பார்த்தோம். ஒரு பேப்பர் தவிர எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். அந்த ஒன்று, சாட்சாத் அந்தப் புலிப் பாடம் உள்ள பேப்பர்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்தாள் பிடி. “ரிசல்ட்டு வரதுக்கு முன்னால யாரு உங்களக் கேசரி கிண்டச் சொன்னது? ஊருக்கெல்லாம் பாஸுன்னு சொல்லியாச்சு. இனி யார் மூஞ்சில நான் முழிக்க? எங்க அண்ணன்மாருக்கு என்ன பதில் சொல்ல?” சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுததைப் பார்த்து, நாளைக்குக் கடை வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

காலையில் நான் எழுவதற்குள் அவள் ஷட்டரைத் தூக்கியிருந்தாள். கல்லாவில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் அவளே வங்காளத்தில் சொன்னாள்: “ஒரு பேப்பர் போச்சு. அரியர். திரும்ப எழுதுவேன்.” முகத்தில் ஒரு கோணலும் இல்லை. கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் போய், “வருத்தம் போயிட்டா?” என்று கேட்டேன்.

“சந்தோஷம் தங்காதுன்னு சொன்னேம்லா, வருத்தமும் அப்படித்தான். அழுதுக்கிட்டே கெடந்தவனையும் புலி விட்டிருக்காதுல்லா?”

“இத அப்படியே பரீட்சையில எழுதியிருந்தா பாஸாயிருப்பியேட்டி!”

“அந்தக் கேள்வியே வரலங்க,” என்று சிரித்தாள். இவள் என் பெண்டாட்டி என்று தெருவில் இறங்கிக் கத்தலாம் போல இருந்தது எனக்கு.

அடுத்த முறை தேறிவிட்டாள். மார்க் ஷீட் கைக்கு வந்த அன்று அண்ணன்மாருக்கு அவளே போன் செய்து, அடக்கமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாள். அன்று சாயங்காலமே எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் வாங்க வேண்டும் என்றாள். “ஒரு நாளாவது இருந்து அனுபவியேன்,” என்றேன். “அனுபவிச்சாச்சுங்க,” என்றாள். புத்தகத்தில் இருந்தது சரிதான், அவள் விஷயத்தில்.

அதையும் முடித்தாள். இப்போது காளிகாட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டுப் பேசும் வேலை. காலையில் மாவைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, கைத்தறிச் சேலையில் தோளில் பையோடு கடைக்குள்ளிருந்து இறங்கிப் போவாள். தோசைத் திருப்பியை அப்படியே பிடித்துக்கொண்டு அவள் தெருமுனை திரும்பும்வரை பார்ப்பேன். கல்லில் கிடக்கிற தோசை கருகும். வருஷக்கணக்காகத் தினமும் ஒன்று கருகுகிறது. காத்திருப்பவர்களுக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் அவள் போகிற அந்த அழகு இன்னும் பழகவில்லை.