எதிர்க்கரையில் நாற்பது பறவைகள்

எங்கள் ஊர் ஏரியின் இந்தக் கரையில் நகரசபையின் பூங்கா. எதிர்க்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து வழித்தெடுக்கும் ஆட்டு ரோமத்தை அலசிக் காயவைப்பது அம்மாவின் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாம் வகுப்புக்கு வந்தபின் எதிர்க்கரைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். நாற்றம் பாவாடையில் ஒட்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அம்மாவை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஐப்பசியில், வடக்கேயிருந்து ஏரிக்கு வரும் பறவைகளைப் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார் டீச்சர். வேலூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும். நோட்டைப் பார்த்துத்தான் முடிவு என்றார். அந்த இடம் கிடைக்காவிட்டால் தை மாதம் எனக்குக் கல்யாணம். அப்பா பேசி வைத்திருந்தார்.

தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் பூங்காவில் நின்று பார்த்தேன். கிளுவைகள் வந்தன, எழுதினேன். உள்ளான்கள் வந்தன, எழுதினேன். மழை விட்ட ஒரு காலையில், மூட்டத்துக்கு அப்பால் எதிர்க்கரையில் வெள்ளை வெள்ளையாக ஒரு கூட்டம் தெரிந்தது. நாற்பதுக்குக் குறையாது. காற்றடித்தபோது இறகு சிலிர்த்தது. வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசித்தேன்.

"சனிக்கிழமை எல்லாரும் போய்ப் பார்ப்போம்" என்றார் டீச்சர்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இன்னாடி சொல்ற? அந்தப் புங்க மரத்தாண்டயா?"

"ஆமா."

"அட கூறுகெட்டவளே, அது நான் காயப்போட்ட ஆட்டுமயிருடி! குமிச்சு குமிச்சு வெச்சதே நான்தான்."

நான் அழுத பிறகுதான் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"இதுக்குப் போய் ஏன் பேஜார் ஆவுற? விடியறதுக்குள்ள எல்லாத்தையும் அள்ளி ஷெட்டுல போட்டுர்றேன். பறந்து போய்ட்டுச்சுன்னு சொல்லிடு. பறவைன்னா பறக்காதா?"

சொன்னபடி செய்திருந்தாள். சனிக்கிழமை மூட்டம் இல்லை; பூங்காவில் நின்று பார்த்தபோது எதிர்க்கரை காலியாக இருந்தது. "பறந்துட்டுது போல" என்று டீச்சரே சொல்லிவிட்டார். நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஷெட்டு வாசலில் அம்மா கூடையோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சுண்ணாம்பு வெளுப்பு.

"யாருடி அது, நம்மளயே மொறைக்கிது?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"எங்க அம்மா" என்றேன். அதைச் சொன்னதும் மற்றதும் வந்துவிட்டது. "டீச்சர், நான் எழுதினது பறவை இல்ல. எங்கம்மா காயப்போட்ட ஆட்டுமயிரு."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"கிட்டப் போய்ப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே. ஏன் போகல?"

"சரி, இப்போ போவோம்" என்று டீச்சரே முன்னால் கரையோடு நடந்தார்.

குவியல்கள் இருந்த ஈரமண்ணில் மூன்று வாலாட்டிக் குருவிகள் பூச்சி பொறுக்கி ஓடிக்கொண்டிருந்தன. அடிவயிற்றில் மஞ்சள்.

"இதுங்களா?" என்றாள் அம்மா. "மழைக்கு முன்னாடியே வந்துடும் டீச்சரம்மா. இந்த வருசம் ஆயுத பூசைக்கு மறுநாள் மொதல்ல ஒண்ணு வந்துச்சு. போன வருசம் அதுக்கும் முன்னாடியே வந்துச்சு."

"இதுவும் வடக்கேயிருந்து வர்றதுதான்" என்று டீச்சர் என்னைப் பார்த்தார். நோட்டில் நாற்பது பறவைகள் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கீழே குருவிகளை எழுதினேன். முதலில் பார்த்தவர் என்ற இடத்தில் 'என் அம்மா' என்று எழுதினேன்.

வேலூருக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். இப்போது நானும் டீச்சர். என் தப்பை மறைக்க இருட்டில் எழுந்து நாற்பது குவியலையும் தனியாளாக அள்ளியவள், நான் உண்மையைச் சொன்னதற்கு ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வெயில் ஏறியிருந்தது, ரோமத்தை மறுபடி வெளியே கொட்டிக் காயவைக்க வேண்டும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் இன்னொரு கூடையை எடுத்தேன்.